முதலில் ஊறிய குழி

தேவகிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கேள்வி கேட்பாள். அதுதான் அவளிடம் யாருக்கும் பிடிக்காத விஷயம். கத்துகிறவளை வாயாடி என்று ஒதுக்கிவிட்டுப் போகலாம். கேள்வி கேட்கிறவளுக்குப் பதில் சொல்லித் தொலைக்க வேண்டுமே! பின்னாளில் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, ஓய்வும் பெற்றுவிட்டாள். குணம் மட்டும் போகவில்லை. ரேஷன் கடைக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ அவளோடு போக இன்றைக்கும் நான் யோசிப்பேன். ஆனால் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு நினைவுக்கு வருவது எழுபத்திரண்டாம் வருஷம்தான். நாங்கள் இரண்டு பேரும் பத்தாம் வகுப்பு. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஜுபைதா. மணலும் சுண்ணாம்பும் வண்டியில் ஏற்றி விற்ற காஜா பாயின் மகள். அப்பாவை நான் அத்தா என்பேன். எங்கள் வீடு தெருவின் மேட்டு முனையில், தேவகியின் வீடு பள்ளத்து முனையில். நடுவில் இருந்ததெல்லாம் நெசவாளர் வீடுகள். காலையில் நான் இறங்கிப் போய் அவளைக் கூப்பிட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். அந்தத் தெருவில் எந்த வீட்டுத் தறி ஓடுகிறது, எது நிற்கிறது என்று சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. சொந்த ஊரைப் பற்றி இருக்க வேண்டும், ஒரு கேள்வியோடு தொடங்க வேண்டும். நன்றாக எழுதியவள் ஆண்டு விழா மேடையில் படிக்கலாம். சரித்திரம் எடுத்த கிருஷ்ணவேணி டீச்சர் முதலில் கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். வகுப்பு முழுவதும் ஒரே அச்சில் வார்த்ததைப்போல் எழுதிக்கொண்டு வந்தது. காஞ்சி மாநகர் ஏன் புகழ் பெற்றது? காஞ்சிப் பட்டு ஏன் சிறந்தது? இதெல்லாம் கேள்வியா? பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வாலில் ஒரு கொக்கியை மாட்டிவிட்டால் கேள்வியாகிவிடுமா? என்னுடையதும் அந்த ரகம்தான், மறைப்பானேன்.

தேவகி எழுதியது: மூடநம்பிக்கையை ஒழிப்பது எப்படி?

அவள் ஏன் அதை எழுதினாள் என்று சொல்ல வேண்டும். அவள் அப்பா முனுசாமி முந்தின கோடையில் மாரடைப்பில் போய்விட்டார். தறியில் பாதிப் புடவை நெய்தபடி நின்றது. அவள் அம்மா மணியம்மாள் என்ன செய்வார்? புருஷன் உட்கார்ந்த தறிக்குழியில் கால்களை இறக்கி, மிதிகட்டையை மிதித்து, மீதிப் புடவையை நெய்து முடித்தார். பட்டு முதலாளி அடுத்த புடவைக்கு நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் கொடுத்தார். அந்த ஐப்பசியில் அடைமழை. தெருவில் வீட்டுக்கு வீடு தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. பாவு தொய்ந்தது, சரிகை கறுத்தது. தெருவே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

கஷ்டம் வந்தால் அதை யார் தலையிலாவது கட்ட வேண்டும் இல்லையா? தெருவுக்குப் பெரியவர் வேலாயுதம். அம்மன் கோயில் தர்மகர்த்தா, சொந்தமாக மூன்று தறி வைத்திருந்தவர். அவர் கோயிலில் எல்லோர் முன்னாலும் சொன்னாராம். "புருஷன் செத்து வருஷம் திரும்பல, அதுக்குள்ள அவன் குழியில கால வெச்சா. ஊறாம இன்னா பண்ணும்?" அவ்வளவுதான். பட்டு முதலாளியின் காதுக்குப் போயிற்று. மணியம்மாளுக்குப் பாவு நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர் வேறு வீடுகளுக்கு நாடாவில் போடும் நூலைத் தார் சுற்றிக் கொடுத்து வயிறு கழுவினார். அதற்கும் வீட்டுக்குள் உட்கார விடவில்லை, பின்கட்டில் உட்கார வைத்தார்கள். பத்து விரலும் தேய நூல் சுற்றியவரை!

தேவகியின் கேள்வியைப் பார்த்துக் கிருஷ்ணவேணி டீச்சருக்கு ஒரே பூரிப்பு. "பேஷ், காலத்துக்கு ஏற்ற கேள்வி" என்று சிவப்பு மையில் சரி போட்டார். வீட்டுக்கு வரும் வழியில் தேவகி அந்தத் தாளைக் கிழித்துச் சாக்கடையில் போட்டாள்.

"ஏன்டி? டீச்சர் நல்லா இருக்குதுன்னாங்களே."

"நல்லாத்தான் இருக்குது. மேடையில படிச்சா எல்லாரும் கை தட்டுவாங்க. வேலாயுதமே மொத வரிசையில உக்காந்துக்கினு தட்டுவாரு. எங்கம்மாவுக்குப் பாவு வருமா?"



மறுநாள் வேறு கேள்வியோடு வந்தாள். எங்கள் தெருத் தறிக்குழிகளில் ஏன் தண்ணீர் ஊறுகிறது? இது பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தெருவில் இரண்டு வீட்டில் கேட்டுப் பார்த்ததுமே அவளுக்கு அலுத்துவிட்டது. ஒருத்தி கோயில் குளம் நிறைந்ததால் என்றாள். இன்னொருத்தி தேவகியின் முகத்துக்கு நேராகவே "உனக்குத் தெரியாததாம்மா?" என்றாள்.

"ஏன்னு கேட்டா ஆளுக்கு ஒரு கத சொல்றாங்கடி ஜுபைதா. கத சொல்ல எடம் இல்லாத மாதிரி கேக்கணும்."

"அது எப்டி கேப்ப?"

அவள் நடந்துகொண்டே யோசித்தாள். கொஞ்ச தூரம் போய் நின்றாள். "எந்தக் குழியில மொதல்ல ஊறுச்சு? அதுக்கு ஒரே பதில்தானே. எங்கம்மாவாலதான்னா எங்க வூட்டுலதான் மொதல்ல ஊறியிருக்கணும். அங்க இல்லன்னா அந்தப் பேச்சு அன்னியோட போச்சு."

"உங்க வூடாவே இருந்துட்டா?"

அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கே ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. "இருந்தா அதையும் எழுதுவேன்" என்றாள்.

அந்தக் கேள்வியை டீச்சரிடம் நீட்டினாள். டீச்சர் இரண்டு தரம் படித்தார். "என்னம்மா இது, குழி, தண்ணி, சேறு! ஆய்வுன்னா ஊருக்குப் பொதுவா, பெரிசா இருக்கணும். உன் வீட்டுக் கதையா ஆய்வு?" என்று குறுக்கே சிவப்புக் கோடு போட்டார்.

"டீச்சர், காஞ்சிப் பட்டு ஏன் சிறந்ததுன்னு மத்தவங்க எழுதியிருக்காங்க. அதுக்குச் சிறந்ததில்லன்னு பதில் வர வழி இருக்குதா?"

"அதெப்படி வரும்?"

"அப்போ எதுக்கு டீச்சர் கேக்கணும்?"

அன்று முழுவதும் பெஞ்சு மேல் நின்றாள். கிருஷ்ணவேணி டீச்சர் கெட்டவர் இல்லை. கேட்டால் பதில் சொல்லித் தரும் பழக்கத்திலேயே ஊறியவர், பதில் தெரியாத கேள்வியைக் கண்டதும் பயந்துவிட்டார். அப்படிப் பயப்படுகிறவர்கள் கையில் ஏன் சிவப்பு மையைக் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

கோடு போட்ட தாளோடு தேவகி தெருவில் இறங்கினாள், கூட நானும். வீடு வீடாகப் போய், "உங்க குழியில மொத மொதல்ல எப்போ தண்ணி பாத்தீங்க?" என்று கேட்டோம். சிலர் உள்ளேயே விடவில்லை. பொன்னியம்மாள் என்று ஒருத்தி, தேவகியின் அம்மாவைப் பின்கட்டில் உட்கார வைத்த மகராசி, "எதுக்குடி கேக்கற, பரிச்சையில வருதா?" என்று இளித்தாள். ஆனாலும் சொன்னாள். ஆளைப் பழிப்பதற்கு வாய் திறக்கிறவர்கள் கூடவே உண்மையையும் கொட்டிவிடுவார்கள். தீபாவளிக்கு மறுநாள் என்றாள் ஒருத்தி. அடைமழை விட்ட அன்று என்றாள் இன்னொருத்தி. எங்கள் மேட்டுப் பக்கத்தில் இரண்டு வீட்டில் ஊறவே இல்லை என்றார்கள்.

எங்கள் வீட்டு வாசலில் தேவகி கரித்துண்டால் தெருவைக் கோடாகக் கிழித்து, வீடுகளைக் கட்டமாக்கி, எது முதல், எது பின் என்று குறித்தாள். குறிக்கக் குறிக்க அவள் கை மெதுவானது. பள்ளத்து முனையில் தொடங்கி, வீட்டுக்கு வீடு தண்ணீர் மேலே ஏறி வந்திருந்தது. முதல் கட்டம் அவள் வீடு.

நான் அவள் கையைப் பிடித்தேன். "விட்டுர்றி. வேற கேள்வி எழுது. கைலாசநாதர் கோயில எழுது, நானும் கூட வந்து பாத்து எழுதித் தர்றேன்."

"பதில் புடிக்கலன்னா கேள்விய மாத்திக்கறதா? அப்போ அந்த வேலாயுதத்துக்கும் எனக்கும் இன்னாடி வித்தியாசம்?" கரித்துண்டை வீசி எறிந்தாள். அப்புறம் அதே கரித்துண்டைத் தேடி எடுத்து வந்து மறுபடி அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்தாள். கட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். பிறகு சொன்னாள், "நாம இந்த வருசத்து மழைய மட்டும்தான் கேட்டோம்."

அவள் வீட்டுக்குப் போனோம். மணியம்மாள் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். தேவகி நின்றபடியே கேட்டாள். "அம்மா, அப்பா இருக்கும்போதே குழியில தண்ணி ஊறுச்சா?"

ராட்டை நின்றது. "உனக்கு எதுக்கு இப்போ அது?"

"ஊறுச்சா, இல்லியா?"

மணியம்மாள் என்னைப் பார்த்தார். நான் வெளியே போய்விடட்டுமா என்று நினைத்தேன். தேவகி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊறுச்சு" என்றார் மணியம்மாள். "அவரு போறதுக்கு முந்தின மழையிலேயே. ஈரக்குழின்னு தெரிஞ்சா முதலாளி பாவு குடுக்க மாட்டாரு. உங்கப்பாதான் வாயத் தெறக்காதன்னாரு. மணலக் கொட்டி, அது மேல சாக்கு போட்டு, அந்த ஈரத்துலயே கால வெச்சிக்கினு நெய்தாரு."

"அவரு போன பிறகும் ஏம்மா சொல்லல? உன்ன இந்தப் பேச்சு பேசறாங்களே!"

"சொன்னா யாரு நம்புவாங்க? செத்தவர் மேல பழியப் போட்றா, இவளும் ஒரு பொம்பளையான்னுதான் சொல்லுவாங்க." மணியம்மாள் மறுபடி ராட்டையைச் சுற்றத் தொடங்கினார். எனக்கு அந்த ராட்டையைத் தூக்கித் தெருவில் போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சொல்லைத் தானே விழுங்கிக்கொண்டு, யார் யார் வீட்டுப் பின்கட்டிலோ அந்த அம்மாள் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

வெளியே வந்ததும் தேவகி, "மணல் எங்கேர்ந்து வந்திருக்கும்?" என்றாள். நான் பேசாமல் அவளை எங்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

அத்தா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். தேவகி கேட்டதும் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஆமாம்மா, பாலாத்து மணல், நான்தான் கொண்டாந்து கொட்டினேன். அந்த வருசந்தான் நம்ம தெரு வாய்க்கால மூடினாங்க. அதுக்குச் செம்மண் அடிச்சதும் நம்ம வண்டிதான். வாய்க்கா மூடின மொத ஐப்பசியில முனுசாமி வந்து மணல் கேட்டாரு. குழிக்குள்ள போடணும், யாருக்கும் சொல்லாத பாய்ன்னாரு. செத்துப்போன மனுசன், சொல்லாதன்னுட்டுப் போயிட்டாரு."

"இவங்கம்மாவ ஊரே ஏசுதே அத்தா, நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று நான் கத்தினேன்.

"அதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குதுன்னு எனக்கு இன்னாமா தெரியும்? யாரும் இதக் கேக்கலியே."

அந்த வாய்க்கால் தெருவின் ஒரு ஓரமாக ஓடி, மழைத் தண்ணீரைக் குளத்தில் சேர்த்தது. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட அது இடைஞ்சல். மூடிவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாவு விரிக்கலாம். வேலாயுதம்தான் யோசனை சொன்னவர். தெருவே கூடி, பள்ளத்துப் பக்கம் முழுவதும் செம்மண் கொட்டி, தட்டி, சாணி மெழுகி அழகு பார்த்தது. போக வழியில்லாத தண்ணீர் என்ன செய்யும்? பூமிக்குள் இறங்கிப் பக்கத்தில் எங்கே குழி இருக்கிறதோ அங்கே வந்தது. முதல் வருஷம் ஒரு வீடு. அடைமழை வருஷம் ஏறக்குறையத் தெரு முழுக்க. பாவுக்கு இடம் வேண்டும் என்று தங்கள் தறிக்குத் தாங்களே தண்ணீர் வெட்டிவிட்டு, பழியைக் கொண்டுபோய்ப் புருஷனை இழந்த ஒருத்தி மேல் போட்டார்கள்!

தேவகி கேள்வியைத் திருத்தி எழுதினாள். எங்கள் தெருவில் முதலில் தண்ணீர் ஊறிய தறிக்குழி எது, எந்த மழையில், அதற்கு முன் தெருவில் மாறியது என்ன? கட்டுரை முழுவதையும் எழுதிக் கொடுத்தாள். டீச்சர் ஓரத்தில் 'நன்று, கேள்வி இன்னும் பெரிதாக இருந்திருக்கலாம்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆண்டு விழாவில் வேறொருத்தி காஞ்சியின் பெருமையைப் படித்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்து வேலாயுதம் கை தட்டினார்.

தேவகி அழவில்லை. "மேடையில படிச்சிருந்தாலும் புடிக்கலன்னா எழுந்து பூட்டிருப்பாங்க" என்றாள். "எழுந்து போவ முடியாத எடத்துல படிக்கணும்."

எங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டுவார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவி, நீவி, அறுந்த இழையை முடிந்துகொண்டே போவார்கள். பாதியில் விட்டால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு பாவே பாழ். வீடு பற்றி எரிந்தாலும் கையை எடுக்க மாட்டார்கள். தேவகி கட்டுரையோடு வந்த அன்றைக்கு விரித்திருந்தது வேலாயுதத்தின் பாவு. தெரு ஆண்கள் எல்லோரும் அதில் நின்றார்கள்.

தேவகி பள்ளத்து முனையிலிருந்து பாவின் ஓரமாக நடந்துகொண்டே கட்டுரையை உரக்கப் படித்தாள். தலைப்பு, கேள்வி, எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள், எல்லாம். யாரும் தலை நிமிரவில்லை, கையையும் எடுக்கவில்லை. வாய்க்கால் என்ற சொல் வந்ததும் வேலாயுதம் கஞ்சிக் கையோடு கத்தினார். "பொட்டப் புள்ளைக்கு இன்னா திமிரு! யாரு கிட்டடி கத வுடற?"

"கத இல்லீங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அத்தா வண்டியை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். "மண்ணு கொட்டினதும் நான்தான், மணலு கொட்டினதும் நான்தான். எது மொதல்லன்னு எனக்குத் தெரியாதா?"

என் அத்தாவை நான் அன்றைக்குத்தான் முழுதாக மன்னித்தேன். தேவகி கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் நின்றாள். 

ஒருத்தராவது வந்து, தப்பு பண்ணிட்டோம் என்று சொன்னார்களா? கிடையாது. சித்திரையில் வாய்க்காலைத் தோண்டித் திறந்தார்கள். கேட்டால், கொசு அதிகமாகிவிட்டதாம்! ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். ஐப்பசி மழையில் எந்தக் குழியிலும் தண்ணீர் இல்லை. கூழ் ஊற்றியதால் தோஷம் கழிந்தது என்று பேசிக்கொண்டார்கள். இவ்வளவு நாளும் மணியம்மாள் பின்கட்டிலேயே தார் சுற்றிக்கொண்டிருந்தார். மருந்தை மட்டும் வாங்கிக் குடித்துக்கொண்டு வைத்தியரை ஒத்துக்கொள்ளாத கூட்டம். 

கார்த்திகையில் ஒரு நாள் வேலாயுதம் தேவகியின் வீட்டு வாசலுக்கு வந்தார். நானும் தேவகியும் உள்ளே படித்துக்கொண்டிருந்தோம். மணியம்மாள் எழுந்து வெளியே போனார்.

"மணியம்மா, தோஷம் கழிஞ்சிடுச்சும்மா. முதலாளி கிட்ட நானே பேசிட்டேன், பாவு குடுக்கறேன்னாரு. நாளைக்கி நல்ல நாளு, நீ தாராளமா தறியில உக்காரலாம்." சொல்லிவிட்டு, தானம் கொடுத்தவர்போல் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

மணியம்மாள் அழுதுவிடுவார், கும்பிடுவார் என்று நினைத்தேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பாவு வரட்டுங்க, வாங்கிக்கறேன். செஞ்ச வேலைக்குக் கூலி வாங்கித் துன்றவதானே நான். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. தோஷம்னு மொதல்ல சொன்னது யாரு?"

"ஊரே சொல்லுச்சும்மா."

"ஊரு மொத்தமும் ஒரே நேரத்துலயா வாயத் தெறந்துது? ஒருத்தரு வாயிலேர்ந்துதானே மொதல்ல வந்திருக்கும். அது யாருங்க?"

தேவகி துள்ளிக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போய் வாயைத் திறந்தாள். மணியம்மாள் திரும்பாமலே கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"நீ சும்மா இரு. இது என் கேள்வி."

வேலாயுதம் குனிந்து செருப்பைத் தேடினார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது. மணியம்மாள் வழியை விட்டு நகராமல், அவர் பதில் சொல்லட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.